முயன்று காணாத எல்லை

சுங்காய், பேராக்.

அன்பு மகளுக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேரனுக்குக் காய்ச்சல் தணிந்து, பழையபடி வீட்டை இரண்டுபடுத்துகிறான் என்று படித்ததும் உன் பெரியம்மாவுக்கும் எனக்கும் மனம் ஆறிற்று. உன் தலைமையாசிரியை உன்னை அழைத்து, தாம் ஓய்வு பெறும் நாள் நெருங்குவதைச் சொல்லி, அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் தலைமைத்துவப் பயிற்சிக்கு நீ விண்ணப்பிக்க வேண்டுமென்று வற்புறுத்தியதையும், வகுப்பறையே எனக்குப் போதும் என்று நீ பணிவாக மறுத்துவிட்டதையும் எழுதி, "நான் செய்தது சரிதானே, பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். சரியன்று என்பதே என் அபிப்பிராயம். அப்படிச் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் அதற்கான காரணங்களையும் எழுதுவது, பல ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் சுண்ணக்கட்டி பிடித்தவன் என்ற முறையிலும், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் என்ற முறையிலும் என் கடமை.

நீ நான்கு காரணங்கள் காட்டியிருக்கிறாய். மாவட்டக் கல்வி அலுவலகக் கூட்டங்களில் மலாய்மொழியில் எழுந்து பேச நாவெழவில்லை என்பது ஒன்று. மேடையும் கூட்டமும் உன் சுபாவத்திற்கு ஒவ்வாதவை என்பது இரண்டு. நாம் தோட்டத்தில் பிறந்தவர்கள், நமக்கு இவ்வளவே அதிகம் என்பது மூன்று. குழந்தை சிறியவன் என்பது நான்கு. இவற்றுள் நான்காவது மெய்யான காரணம். அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பயிற்சி நாட்களில் பேரனை இங்கே கொண்டுவந்து விடு என்று, நான் இதை எழுதும்போதே உன் பெரியம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். ஆனால் மற்ற மூன்றையும் நீ முயன்று பார்த்துக் கண்டறிந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. மனிதனுக்கு எல்லை உண்டு. அதை மறுப்பது விவேகமாகாது. எனினும், உழைத்து, தோற்று, மறுபடியும் உழைத்துப் பார்த்த பிறகு தெரியவரும் எல்லை வேறு. ஓரடிகூட எடுத்து வைக்காமல், அச்சத்தினால் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் எல்லை வேறு. முன்னது அனுபவம் தந்த அறிவு. பின்னது நம்மைப் பற்றி நாமே பரப்பிக்கொள்ளும் வதந்தி.

இந்த மனோபாவம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நீ சற்று யோசிக்க வேண்டும். உன் பாட்டனார் காலத்துத் தோட்டத்தில் பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவனுக்கு, இன்று எந்தக் காட்டில் வேலை, எத்தனை மரம், எந்த லயத்தில் வீடு என்பவற்றையெல்லாம் கங்காணியும் கிராணியும் அவர்களுக்கு மேலிருந்த துரையுமே தீர்மானித்தார்கள். தோட்டப் பள்ளி இருந்தது. ஆனால் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். அங்கே ஆரம்பக் கல்வி முடிந்ததும் பிள்ளையின் கைக்கு வந்தது பால் வெட்டும் உளி. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதும் கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை ஒழிந்தது; துரைமார்களும் போனார்கள்; சுங்காயைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகள் செம்பனையாக மாறி, லயங்கள் பலவும் இருந்த இடம் தெரியாமற் போயின. ஆயினும், பிறர் நமக்கு விதித்திருந்த அந்த அளவு, விதித்தவர்கள் போன பிறகும் நமக்குள்ளேயே தங்கி, நம்முடைய சொந்த அடக்கம் என்ற பெயரோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. "நமக்கு இவ்வளவே அதிகம்" என்று நீ எழுதியபோது, உன் கையெழுத்தில் பழைய பெரட்டின் குரலைத்தான் நான் கேட்டேன்.

அந்த மக்கள் உண்மையில் எப்படிப்பட்ட ஆற்றல் உடையவர்கள் என்பதற்கு உன் பாட்டியின் வேலையையே எடுத்துக்கொள். பால்மரத்தில் பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தை ஒட்டினாற்போல அமைந்திருக்கின்றன. உளி சற்று மேலோட்டமாகப் போனால் பால் சரியாக இறங்காது. இம்மியளவு ஆழமாகப் போய்விட்டாலோ மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னால் வெட்டுவதற்கே உதவாமற் போகும். இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் அந்தக் கோட்டில், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டும் சீவி எடுத்து, பால் மங்கில் விழும்படி விட்டுவிட்டு அடுத்த மரத்திற்கு நகர வேண்டும். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையுமாதலால், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவே, நூற்றுக்கணக்கான மரங்களில் அதைச் செய்து முடிக்க வேண்டும். இத்தனை நுட்பமான கையை உடைய ஒருத்தி, யாராவது வந்து விசாரித்தால், "எனக்கு என்னங்க தெரியும்?" என்றுதான் சொல்லுவாள். அது பொய்யன்று, அடக்கமும் அன்று; தன் சாமர்த்தியத்தைச் சாமர்த்தியமென்று சொல்ல யாரும் அவளுக்கு இடங்கொடுக்கவில்லை. உனக்கோ அந்த இடம் கொடுக்கப்படுகிறது, நீயே வேண்டாமென்கிறாய்.

நம் பேராக் மண்ணிலேயே, சுங்கை சிப்புட்டில், 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தனின் வரலாற்றை உன் மாணவர்களுக்கு நீ சொல்லியிருப்பாய். நாடு சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் வேலையும் வீடும் இழந்து சாலைக்கு வந்தார்கள். அந்த வேளையில், தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று கேட்டு, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் நிறுவினார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்பது ஏற்பாடு. அன்றைய கூலியில் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை என்பதைவிட, "தோட்டத்திற்கு நாம் சொந்தக்காரர் ஆவதா?" என்று திகைத்த மனங்களை நம்ப வைப்பதே பெரிய பிரயத்தனமாக இருந்தது. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று பேசினார். மக்கள் பணம் கட்டினார்கள். 1961-இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. தொழிலாளியின் கையிலிருந்த பணம் முன்பும் அதே பணந்தான். தன்னைப் பற்றிய அவனுடைய மதிப்பீடு மாறியதும் அந்தப் பணமே நிலமாயிற்று.

பெண்களுக்கு இதெல்லாம் ஆகுமா என்று நீ கேட்க மாட்டாய். ஆனாலும் உன் மனத்தின் ஒரு மூலையில் அந்தக் கேள்வி இருக்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில், 1943-ஆம் ஆண்டு நேதாஜியின் அழைப்பை ஏற்று ஜான்சி ராணிப் படை திரண்டபோது, அதில் சேர்ந்தவர்களுள் மிகப் பலர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். தோட்டத்தின் எல்லையைத் தாண்டிப் பட்டணத்துக்குக்கூட அதிகம் போயிராதவர்கள், இந்துஸ்தானிக் கட்டளைகளைப் புரிந்துகொண்டு அணிவகுத்து, துப்பாக்கி பிடிக்கக் கற்று, பர்மா வரை சென்றார்கள். அவர்களோடு சென்றவர்களுள் ஒருவர், 1927-இல் ஈப்போவில் பிறந்த ராசம்மா. படையில் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. போர் முடிந்தபின் அவர் ஆசிரியையாகி, ராசம்மா பூபாலன் என்ற பெயரோடு, 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவி, ஆண் ஆசிரியருக்கு நிகரான சம்பளம் பெண் ஆசிரியருக்கும் வேண்டுமென்ற போராட்டத்தின் முன்னணியில் நின்றார். இன்று மாதந்தோறும் நீ வாங்கும் சம்பளத்தில், "எனக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லி உட்கார்ந்துவிடாத அந்தப் பெண்களின் பங்கும் இருக்கிறது என்பதை மறவாதே.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று. ஒருவன் தனக்கு மட்டும் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டால் அதனால் வரும் நஷ்டம் அவனோடு போயிற்று என்று சொல்லலாம். ஆசிரியருக்கு அந்தச் சலுகை கிடையாது. தலைமை ஏற்றவரின் எல்லை எதுவோ, அதுவே அவரை நம்பி நிற்பவர்களின் எல்லையாகவும் ஆகிவிடும். "இந்தப் போட்டியெல்லாம் பட்டணத்துப் பள்ளிகளுக்கு" என்று தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் ஒருமுறை சொன்னால் போதும். அந்த வாக்கியம் ஆசிரியர்கள் வாயிலாக வகுப்பறைக்குப் போய், அங்கிருந்து பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போய், அவர்கள் இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்காரும்போதும் அவர்களை விடாது. இதற்கு மாறாக, தாம் அஞ்சிய ஒன்றை எல்லோரும் பார்க்கச் செய்து காட்டிய தலைமையாசிரியரின் பள்ளியில், கையை உயர்த்திக் கேள்வி கேட்கும் பிள்ளைகளை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். ஆகவே, இந்தப் பதவியை உனக்குக் கிடைக்கும் கௌரவமாக எண்ணாதே. நீ தாண்டும் ஒவ்வொரு தடையும் உனக்குப் பின்னால் வருபவர்களுக்குத் திறந்த வழியாகும் என்று எண்ணினால், உன் கூச்சம் தானே குறையும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்துவிடு என்று நான் சொல்லவில்லை. 1997-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, பனியே பெய்யாத நம் நாட்டிலிருந்து சென்று எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக ஏறி நின்ற மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாசும் நம் தமிழர்கள். அவர்கள் ஒரு நாள் துணிச்சலால் அங்கே போய்ச் சேரவில்லை. நீண்ட பயிற்சியும், குழுவாகச் சென்ற தோழர்களின் துணையும் அவர்களை ஏற்றிவிட்டன. துணிவுக்கு ஆயத்தமே உயிர்.

ஆதலால் நீ செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மாவட்டக் கூட்டங்களின் குறிப்புகளை வாங்கி வாய்விட்டுப் படி. அலுவலக மலாய் என்பது மீண்டும் மீண்டும் வரும் சில தொடர்களே என்பது உனக்குத் தெரியவரும். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியாவது எழுந்து கேள். பிழை வந்தால் வரட்டும், பிழைபடப் பேசியவனை ஊர் மறந்துவிடும், பேசாதவன்தான் பேசாமலே பழகிப்போவான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வரவேற்புரையை நீயே கேட்டு வாங்கிக்கொள். உன்னைப் புகழாமல் குறையைச் சொல்லும் சக ஆசிரியர் ஒருவரை நாடி, உன் பேச்சைப் பற்றி அவரிடம் கேள். இன்னொன்றையும் கவனி: உனக்கு நன்றாக வரும் கணிதப் பாடத்தையும் தேர்வுத்தாள் தயாரிப்பையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நீயே செய்வதாக எழுதியிருக்கிறாய். வல்லமை உள்ள இடத்திலேயே ஒதுங்கிக்கொள்வதும் ஓர் எல்லைதான். இளைய ஆசிரியர் ஒருவருக்கு அதைக் கற்றுக்கொடுத்து அவர் கையில் ஒப்படை. அவர் உன்னைவிடச் சிறப்பாகச் செய்யும் நாளில் மகிழ்ச்சி அடைய உன்னால் முடியுமானால், தலைமைக்குரிய முதற்பாடம் உனக்கு வந்துவிட்டதென்று பொருள்.

எல்லாம் செய்தும் இந்தப் பதவி உனக்கு ஒத்துவரவில்லை என்று முயற்சியின் முடிவில் நீ கண்டால், மனநிறைவோடு வகுப்பறைக்குத் திரும்பு. அதைக் குறைவென்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அப்போது அது நீயே நடந்து போய்க் கண்ட எல்லையாக இருக்கும். நடக்காமலே திரும்பிவிடாதே என்பதுதான் என் வேண்டுகோள்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்குவதாக எழுதியிருக்கிறாய். நாளைக் காலை உன் தலைமையாசிரியையிடம் சென்று, மனத்தை மாற்றிக்கொண்டேன் என்று சொல்லி, விண்ணப்பப் பாரத்தை வாங்கிப் பூர்த்தி செய்துவிட்டு எனக்குத் தெரிவி.

உன் நலம் நாடும்
பெரியப்பா