மொன்றியலுக்கு முன்னும் பின்னும்



கனடிய டென்னிஸ் வீராங்கனை விக்டோரியா எம்போகோவின் புகழ் நிலைக்குமா, அவரைப் பார்த்துவிட்டு மட்டையும் கையுமாகத் திரியும் மகளை டென்னிஸில் சேர்க்கலாமா என்று ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலிலிருந்து எழுதியிருந்தீர்கள்.

2025இல் மொன்றியலில், கனடிய ஓப்பனில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தரவரிசையில் 85ஆம் இடத்தில் இருந்து, வைல்ட் கார்டு என்ற சிறப்பு அழைப்பில் உள்ளே வந்த 18 வயதுப் பெண். கெனின், கோஃப், ரிபாகினா, ஒசாகா என்று கிராண்ட் ஸ்லாம் வென்ற நால்வரை ஒரே தொடரில் தோற்கடித்தார். ரிபாகினாவுடனான அரையிறுதியில் இன்னும் ஒரு புள்ளி போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஓகஸ்ட் 7 இறுதியாட்டத்தில் முதல் செட்டை 2-6 என்று ஒசாகாவிடம் விட்டார். பிறகு 6-4, 6-1. ஒரே இரவில் நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார்.

எனக்கு அந்த இரவைவிட அதன் இரு பக்கத்து மாதங்கள்தான் முக்கியம். 2024இல் முழங்கால் காயம். அடுத்த ஆண்டைத் தொடங்கும்போது தரவரிசையில் 300க்கும் கீழே. அங்கிருந்து, கரீபியன் தீவுகளில் தொடங்கிய சிறு போட்டிகளில் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றார். அவற்றை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மொன்றியலுக்குப் பிறகோ, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றிலேயே கிரெய்ச்சிகோவாவிடம் தோற்றார். தோல்விகள் தொடர்ந்தன. ஆனாலும் நவம்பரில் ஹொங்கொங்கில் மறுபடி கோப்பை. புகழ் வந்தபின் தோற்று, அதற்குப் பிறகும் வென்றாரே, அந்தச் சின்னக் கோப்பையை நம்பித்தான் இவர் நிலைப்பார் என்கிறேன்.

உடம்பு ஒத்துழைக்க வேண்டும், அது வேறு. மிசிசாகாவில் பிறந்த பியாங்கா அன்ட்ரியெஸ்கு 2019இல் செரீனாவை வென்று அமெரிக்க ஓப்பனைக் கைப்பற்றினார். ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் கனடியர். அதே ஆண்டு முழங்காலில் அடி. 2020 முழுவதும் அவர் ஆடவேயில்லை.

எம்போகோவின் பெற்றோர் கொங்கோவிலிருந்து வந்தவர்கள். நான்கு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி; மூத்தவர்கள் ஆடுவதைப் பார்த்தே மட்டையைத் தூக்கியவர். பேர்லிங்டனில் வளர்ந்தார். ஊர்விட்டு வந்த குடும்பம் ஒரு பிள்ளையின் விளையாட்டுக்குப் பணமும் நேரமும் ஒதுக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனிக்காலத்தில் உள்ளரங்குக் களத்துக்கு மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டும்.

மகளைச் சேர்த்துவிடுங்கள். கோப்பையை மட்டும் பேச்சில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. இப்போதைய முறைப்படி இரட்டைப்படை ஆண்டுகளில் கனடிய ஓப்பனின் பெண்கள் போட்டி ரொறன்ரோவில், யோர்க் பல்கலைக்கழக வளாகத்து சோபீஸ் அரங்கில் நடக்கும். உங்களுக்குத் தூரமில்லை. இறுதியாட்டத்துக்கு அலைய வேண்டாம். தகுதிச்சுற்று நாளில் மகளைக் கூட்டிப்போய், ஓரக் களம் ஒன்றின் அருகில் உட்காருங்கள். பெயர் தெரியாத இரண்டு பெண்கள் மூன்றாவது செட்டில் மோதுவதை முழுதாகப் பார்க்கட்டும். அதன் பிறகும் ஆட வேண்டும் என்றால், எனக்கு எழுதுங்கள்.