ஒரே விலைக்கு இரண்டு வண்டி: எதை வாங்குவது?

மட்டாஞ்சேரி பஜாரில் மசாலாச் சரக்குக் கடையொன்றில் கணக்கு எழுதும் நம் அன்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் இரண்டு விலைப்பட்டியல்களுடன் என் வீட்டிற்கு வந்தார். "சார், நீங்க இன்ஜினியர். இதுல எதை எடுக்கலாம்னு சொல்லுங்க" என்றார். நான் ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு கழித்த டிப்ளமோக்காரன். கார் விற்பவன் அல்லன். ஆயினும் அவர் வந்த காரணத்தைக் கேட்டபின் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை.

அவருடைய பெற்றோர் பூப்பாறைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள். தார்ச்சாலையிலிருந்து வீட்டிற்கு மூன்று கிலோமீட்டர் கல்பாவிய ஏற்றம். சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு தந்தைக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. வாடகை ஜீப் மேலே ஏறிவர விடிந்துவிட்டது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மகன் அன்றே முடிவு செய்துவிட்டார், கடன் பட்டாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வாங்குவது என்று. வண்டியைத் தோட்டத்திலும் நிறுத்த முடியாது, வாரநாட்களில் அவருடைய மனைவி அதை எர்ணாகுளம் வேலைக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். அவருக்கோ இடது முழங்கால் தேய்மானம்.

மாருதி சுசுகியின் ஜிம்னியைத் தேர்ந்தெடுத்திருந்தார். நம் தெருக்களை அறிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். அதன் அகலம் 1645 மி.மீ. 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் அகலம் 1820 மி.மீ. ஜூ டவுன் பக்கம் எதிரே ஒரு சரக்கு ஆட்டோ வந்துவிட்டால் இந்த ஒரு சாண் வித்தியாசத்தின் அருமை தெரியும். தார் வாங்குவோருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2023 ஜனவரி முதல் அதில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ரகமும் விற்பனையில் இருக்கிறது. வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. ஜிம்னியில் அந்தக் குழப்பம் இல்லை, எல்லா ரகத்திலும் நாலு சக்கர இழுவையும், 'லோ' கியரும் உண்டு. ஆனால் இருக்கை நான்கு பேருக்குத்தான். ஐந்து பேர் குடும்பம் இதைப் பார்க்கவே வேண்டாம்.

இனி விலைக்கு வருவோம். 2023 ஜூனில் வண்டி அறிமுகமானபோது அறிவித்த ஷோரூம் விலை இது: ஜீட்டா மேனுவல் 12.74 லட்சம், ஜீட்டா ஆட்டோமேட்டிக் 13.94, ஆல்ஃபா மேனுவல் 13.69, ஆல்ஃபா ஆட்டோமேட்டிக் 14.89. பிறகு விலை மாறியிருக்கிறது, இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்க்கச் சொல்வது இடைவெளியை. ரகம் உயர்ந்தால் 95 ஆயிரம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆகவே ஆல்ஃபா மேனுவலும் ஜீட்டா ஆட்டோமேட்டிக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். அன்பர் கொண்டு வந்த இரண்டு பட்டியல்களும் இவைதாம். கேரளத்தில் சாலை வரியும் விலையை ஒட்டியே ஏறும் என்பதால் நாலாவதான 'எல்லாம் உள்ளது' அவருடைய கடனுக்குள் அடங்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்ததே என்று அவர் கேட்டார். அது 1200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் வண்டிக்கு. இதன் இன்ஜின் 1462 சி.சி., எனவே 40 சதவிகிதம்.

ஆல்ஃபாவில் கூடுதலாகக் கிடைப்பவை எல்.ஈ.டி. முகப்பு விளக்கு, அதைக் கழுவும் அமைப்பு, அலாய் சக்கரம், பெரிய திரை, தானே வெப்பத்தைச் சரிசெய்யும் ஏ.சி., க்ரூஸ் கண்ட்ரோல், பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதி முதலியன. ஆறு ஏர்பேக், சறுக்கலைத் தடுக்கும் ஈ.எஸ்.பி., ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி, இறக்கத்தில் மெதுவாக இறக்கும் வசதி ஆகிய நான்கும் ஜீட்டாவிலேயே உண்டு. இதைத்தான் அன்பருக்கு முதலில் சொன்னேன். உயிரைக் காப்பவற்றை அவர்கள் மேல்ரகத்திற்கு ஒதுக்கி வைக்கவில்லை. ஒதுக்கியதெல்லாம் பெரும்பாலும் சௌகரியம். நல்ல விளக்கு மட்டும் மலையில் இரவில் உதவும், அதை நான் மறுக்கவில்லை. அலாய் சக்கரத்தைப் பொறுத்தவரை, கல்லில் மோதினால் இரும்புச் சக்கரம் வளையும், அடிமாலியில் தட்டி நிமிர்த்தித் தருவார்கள். அலாய் வெடித்தால் புதிதுதான். க்ரூஸ் கண்ட்ரோலை நேரியமங்கலத்திற்கு மேல் எங்கே போடுவது?

இனி கியர்பெட்டி. ஆட்டோமேட்டிக் என்றவுடன் பலர் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். சிறு கார்களில் பரவலாக வருவது ஏ.எம்.டி.; சாதாரண கியர்பெட்டியில் கிளட்சை ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது, அவ்வளவே. ஜிம்னியில் இருப்பது நான்கு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் பாலம். யார்டில் ஓடிய டபிள்யூ.டி.எஸ்.4 ஷண்டிங் டீசல் இன்ஜினிலும் சக்தி இப்படி எண்ணெய் வழியேதான் சக்கரத்திற்குப் போயிற்று. நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்கும்போது இந்த எண்ணெய்ப் பாலம் முறுக்குவிசையைச் சற்றுப் பெருக்கியும் கொடுக்கும். உலராத கல்லின்மேல் குலுங்காமல் நகரும், கிளட்ச் தேயும் என்ற கவலை இல்லை. ஏற்றத்தில் புதிய கைகளுக்கு ஆட்டோமேட்டிக்தான் சுலபம்.

இறக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். மேனுவலில் முதல் கியர் 4.425, அச்சுக் கியர் 4.09, 'லோ' 2.002. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 36. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 36 முறை சுற்ற வேண்டும். அவ்வளவு இறுக்கமாக இன்ஜின் வண்டியைப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 2.875, அச்சு 4.3. அதே 'லோ'வுடன் பெருக்கினால் 25 கூட வராது. இறங்கும்போது எண்ணெய்ப் பாலம் விசையைப் பெருக்கவும் செய்யாது. (மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். மேனுவலில் கடைசி கியர் 1.000. நூறு கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் ஏறத்தாழ 3200 சுற்று இரையும், ஆட்டோமேட்டிக் 2350 அளவில் அமைதியாகப் போகும். எரிபொருளில் பெரிய வித்தியாசம் இல்லை; கம்பெனி சொல்வது லிட்டருக்கு 16.94, 16.39.)

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மகனுடைய ஆட்டோமேட்டிக் காரில் போடிமெட்டிலிருந்து இறங்கினோம். அந்த மலைச்சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். நான்தான் ஓட்டினேன், 'டி'யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடி. பாதி வழியில் கருகிய வாசனை. பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று. பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மலைப்பாதை ரயிலில் பிரேக்கைச் சோதிக்காமல் இறக்கத்தில் விடமாட்டோம், கைமீறி ஓடினால் பிடித்து நிறுத்தத் தனித்தண்டவாளம் வேறு போட்டிருப்போம். அத்தனையும் தெரிந்தவன் செய்த காரியம் இது. ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டுப் பிறகு 'எல்'லில் போட்டு இறங்கினேன். குற்றம் வண்டியுடையது அல்ல.

இறக்கத்தில் மெதுவாக இறக்கும் பொத்தானும் உள்ளே பிரேக்கைத்தான் உபயோகிக்கிறது. தோட்டத்துக் கல்பாதைக்கு அது போதும். பத்து மைல் மலை இறக்கத்திற்குக் கியர்தான் வேண்டும்.

இன்னொன்று, இரு கியர்பெட்டிக்கும் பொது. '4எச்' என்பதைக் காய்ந்த தார்ச்சாலையில் போடாதீர்கள். ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டுமே என்பதற்காகச் சக்கரத்தின் விளிம்பை இருபதுக்கு ஒன்று என்று சரிவாகக் கடைந்திருக்கிறோம். கார் டயரில் அப்படி ஏதும் இல்லை. ஜிம்னியில் '4எச்' போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாக இறுகிவிடும். வளைவில் இரண்டும் வெவ்வேறு தூரம் போக முடியாமல் முறுக்கிக்கொள்ளும். சேறு, ஈரக்கல், மணல் என்றால் டயர் நழுவி அந்த முறுக்கைத் தீர்த்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒன்று. வேலியேற்றத்தில் செல்லானம் பக்கம் சாலையில் ஏறும் உப்புத் தண்ணீரில் வண்டியை விட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். ஜிம்னியின் அடியில் ஏணிபோன்ற இரும்புச் சட்டம் இருக்கிறது, துரு அங்கேதான் குடியேறும். ரகத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சத்தைத் துருத்தடுப்புப் பூச்சுக்குக் கொடுக்கலாம்.

அன்பரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: நள்ளிரவில் போன் வந்தால் யார் ஓட்டப்போகிறார்கள்? அவர் கொஞ்சம் யோசித்து, "அவங்கதான் சார். எனக்கு ராத்திரியில கண்ணு கூசும்" என்றார். அப்படியானால் முழங்கால் வலியுள்ளவருக்கு ஏற்ற வண்டி வேண்டும், திரையின் அளவு முக்கியமல்ல. தோட்டம் அவருக்குச் சொந்தமாக இல்லாமல், வாரந்தோறும் மலைக்கே போகும் இளைஞர் கேட்டிருந்தால் ஜீட்டா மேனுவலைச் சொல்லி ஒரு லட்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

ஜீட்டா ஆட்டோமேட்டிக் வந்தது. முதல் பயணம் பூப்பாறை சென்று, மறுநாள் போடி வழியே தேனிக்கு. என்னையும் அழைத்துச் சென்றார்கள். அந்த அம்மாள் மேலேயே '2'இல் போட்டார். வண்டி ஓட ஆரம்பித்ததும், "இன்னும் பிடிக்கலையே அண்ணா" என்று தானே 'எல்'லுக்கு இறக்கினார். பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டார். கீழே முந்தலில் டீ குடிக்க நிறுத்தியபோது நான் பழைய வழக்கப்படி ஒவ்வொரு சக்கரமாகச் சென்று, அச்சுப்பெட்டி சூட்டைப் பார்ப்பதுபோல் புறங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.