புந்தோங்: மன்றமில்லாத ஊர்

ஈப்போ ரயில் நிலையத்திற்கு மேற்கே தண்டவாளத்தைக் கடந்தால் புந்தோங். வடக்கே சிலிபின், தென்மேற்கே பாலிம், மெங்லெம்பு. இடையில் ஓடும் சுங்கை பாரி ஆறு பின்னர் கிந்தா ஆற்றில் கலக்கிறது. புந்தோங்கிற்கெனத் தனி மேயரோ மன்றமோ கிடையாது. அது ஈப்போ மாநகர் மன்றத்துக்கு உட்பட்ட புறநகர். ஆனாலும் அங்குள்ளவரிடம் ஊர் எதுவென்று கேட்டுப் பாருங்கள், புந்தோங் என்றுதான் பதில் வரும். தைப்பூசத்தன்று இரதமும் காவடிகளும் சுங்கை பாரி சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டு, நகரைக் கடந்து, குனோங் சீரோ கல்லுமலை முருகன் ஆலயத்தை அடைகின்றன. ஈப்போத் தமிழரின் பெருவிழா தொடங்கும் இடமே இந்தப் புறநகர்தான்!

இவ்வளவு தமிழர் இங்கு சேர்ந்தது எப்படி? ஈயமும் ரயிலும் ஒரு பகுதிக் காரணம். பெரிய காரணம் தோட்டங்களின் சிதைவு. 1950களில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட முடியுமா? வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தவர்கள் நகர ஓரங்களுக்கு வந்தனர். அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம் ஏற்கெனவே இங்கிருந்தது.

கச்சாங் பூத்தே கம்பத்தின் கதை வேறு. பாரதி பிறந்த எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலை வறுத்து, முறுக்குச் சுட்டு, தலையில் சுமந்தும் சைக்கிளில் வைத்தும் விற்றன. தோட்டத்துரைக்கும் கங்காணிக்கும் கட்டுப்படாத பிழைப்பு அது. நம் வரலாற்றுக் கட்டுரைகள் பால்மரத்தை விட்டு நகராததால் இவர்களை அதிகம் கண்டுகொள்வதில்லை.

இனி ஆட்சிக்கு வருவோம். ஒரு காலத்தில் ஈப்போ மக்கள் தங்கள் நகராண்மைக் கழக உறுப்பினர்களை வாக்களித்தே தேர்ந்தெடுத்தனர். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி அங்கே ஓங்கி நின்றது. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அவற்றை அடியோடு நீக்கியது. 1988இல் ஈப்போ மாநகரானது. மன்ற உறுப்பினர்களோ மாநில அரசின் நியமனமாகவே இருக்கின்றனர்.

புந்தோங் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி உண்டு. இந்திய வாக்காளர் செறிவில் நாட்டின் முன்வரிசைத் தொகுதி அது. சாக்கடை அடைத்தாலும், அங்காடி உரிமம் கிடைக்காவிட்டாலும் மக்கள் அந்தச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடித்தான் போகிறார்கள். சட்டப்படி இரண்டுமே மாநகர் மன்றத்தின் வேலை. அவர் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தருவார்.