நிலவு பார்த்துப் புறப்படுங்கள்

கொரியாவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் விமானக் கட்டணத்தைப் பார்க்கிறார்கள், பிறகு செர்ரி பூக்கும் வாரத்தைப் பார்க்கிறார்கள். சந்திர நாள்காட்டியைப் புரட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் அந்த நாட்டின் சமையலறையும் கோயிலும் தெருவும் எந்த நாளில் எப்படி இருக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அறுவடைத் திருநாளான சுசோக், எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமியில் வருகிறது. 2025-இல் அது அக்டோபர் 6, 2026-இல் செப்டம்பர் 25. புத்தர் பிறந்தநாள் நான்காம் மாதத்தின் எட்டாம் நாள். 2025-இல் மே 5, 2026-இல் மே 24. இலங்கையின் வெசாக் பௌர்ணமி நாளில் வருவது. 2025-இல் அது மே 12. அதே நாள்தான் கொரியாவிலும் என்று எண்ணிப் போயிருந்தால், விழா முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

நாள் முடிவான பிறகு மற்றவை தாமாக வந்து சேரும். சாப்பாடு, விழா, கோயில், சினிமா என்று நான்கு தனித் தலைப்புகளாகவே பயண நூல்கள் கொரியாவைப் பிரித்துவைக்கின்றன. என் அனுபவத்தில் இவை நான்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பவை. திரையில் பார்த்த உணவு மேசைக்கு வருகிறது. மேசையில் வருவதை மாதம் முடிவுசெய்கிறது. அந்த மாதக் கணக்கை இன்றுவரை பிசகாமல் வைத்திருக்கிறது மலைக்கோயில். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறவருக்கு இந்த நாடு வேகமாகப் பிடிபடும்.

கேட்காமல் வரும் கிண்ணங்கள்

சோல் நகரத்துச் சாதாரண உணவகத்தில் ஒரே ஒரு குழம்பு சொன்னால் போதும், கூடவே நாலைந்து சின்னக் கிண்ணங்கள் வந்துவிடும். கிம்ச்சி, முளைகட்டிய சோயா, எள்ளெண்ணெயில் பிரட்டிய கீரை, ஊறவைத்த முள்ளங்கி. பன்ச்சான் எனப்படும் இந்தத் தொடுகறிகளுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் இன்னொரு முறை கேட்கலாம். சில கடைகளில் நாமே போய் எடுத்துக்கொள்ளும்படி ஓரமாக வைத்திருப்பார்கள். கரண்டியும் உலோகக் குச்சிகளும் காணோமே என்று தேட வேண்டாம், பல இடங்களில் அவை மேசையின் பக்கவாட்டு இழுப்பறைக்குள் இருக்கும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

சில மரியாதைகளை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் தொடங்குவார்கள். பெரியவர்களுக்கு ஊற்றும்போதும் அவர்களிடமிருந்து வாங்கும்போதும் இரண்டு கையும் வேண்டும். சோற்றையும் சூப்பையும் கரண்டியால் உண்பார்கள், தொடுகறியைக் குச்சியால் எடுப்பார்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்திவைக்கக் கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றை அது நினைவூட்டும்.

தனியாகப் பயணம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைச்சியைச் சுட்டுத் தின்னும் கடைகள் பலவற்றில் குறைந்தது இரண்டு பேருக்கான அளவுதான் தருவார்கள். ஒரே கிண்ணத்தில் முடிந்துவிடும் பிபிம்பாப் எனும் கலவைச் சோறு, நூடுல்ஸ், சூப்-சோறு ஆகியவை தனியாள் சாப்பாட்டுக்கு ஏற்றவை. சோலின் குவாங்ஜாங் சந்தையும் அதற்கு நல்ல இடம். 1905-இல் தொடங்கிய அந்தச் சந்தையில் பச்சைப்பயறு மாவை அரைத்து எண்ணெயில் மொறுமொறுவென்று சுடும் பிந்தேதோக், அடை தின்று வளர்ந்த நாவுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும்.

சைவக்காரர்கள் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கீரையும் முட்டைக்கோசுமாகத் தெரியும் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருப்பதே வழக்கம். பருப்புக் குழம்புபோல் தோன்றும் சோயா விழுதுக் குழம்பு பெரும்பாலும் நெத்திலி வேகவைத்த நீரில் கொதித்தது. ‘கோகி பெகோ ஜுசெயோ’ என்றால் ‘இறைச்சி இல்லாமல் கொடுங்கள்’ என்று பொருள். இதைச் சொன்னால் மேலே தூவும் இறைச்சி நிற்கும், மீன் நீர் நிற்காது. முழுச் சைவம் வேண்டுமானால் கோயில் உணவைத்தான் தேட வேண்டும்.

சாடிக்குள் இருக்கும் காலம்

கிம்ச்சியைக் காரமான ஊறுகாய் என்று சுருக்கிவிடுகிறவர்கள் நவம்பர் கடைசியில் ஒரு கொரியக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். குளிர் இறுகுவதற்கு முன், முழுக் குளிர்காலத்துக்கும் தேவையான கிம்ச்சியை ஊரும் உறவும் கூடிப் போடும் வேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர். நீள முட்டைக்கோசுகளைப் பிளந்து ஒரு இரவு உப்பில் ஊறவைப்பார்கள். மறுநாள் கழுவி வடித்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, உப்பிட்ட இறால் சேர்த்த கலவையை ஒவ்வொரு இலைக்கும் நடுவே தடவுவார்கள். அன்று மதியம் அந்தப் புதுக் கிம்ச்சியோடு வேகவைத்த பன்றி இறைச்சி வைத்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு பங்கு. தென்கொரியாவின் கிம்ஜாங் 2013-லும், வடகொரியாவின் கிம்ச்சி போடும் மரபு 2015-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. எல்லை பிரித்த இரு நாடுகளும் ஒரே சாடிக்காகத் தனித்தனியாக அங்கீகாரம் பெற்றிருக்கின்றன.

அந்தச் சிவப்பு நிறம் மிகப் பழையதும் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்ட மிளகாய், தமிழ்ச் சமையலுக்குப் போர்ச்சுகீசியர் வழியே வந்ததுபோல, கொரியாவுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் உப்பிலும் நீரிலும் ஊறிய வெளிர் கிம்ச்சிதான். அதை இன்றும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். காரம் தாங்காதவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

சமையலின் அடிநாதம் கிம்ச்சியைவிட ஆழத்தில் இருக்கிறது. சோயாவை வேகவைத்து, இடித்து, செங்கல்போல் பிடித்து, வைக்கோல் கயிற்றில் தொங்கவிட்டுப் பூஞ்சை பிடிக்கவைக்கிறார்கள். பிறகு அதை உப்புநீரில் போட்டு, மண்சாடியில் மாதக்கணக்கில் வெயில் காட்டுகிறார்கள். வடிகிற நீர் கஞ்சாங் எனும் சோயா சாறு, தங்குகிற விழுது தோயன்ஜாங். இந்த மரபை யுனெஸ்கோ 2024-இல் பட்டியலில் சேர்த்தது. கிராமத்து வீட்டிலோ கோயில் முற்றத்திலோ வரிசையாக நிற்கும் ஓங்கி எனும் கருஞ்சாடிகளைக் கண்டால் அழகுக்கு வைத்தவை என்று கடந்துவிடாமல் அருகே போய் நின்று மோந்து பாருங்கள். அந்த மணம் தெரிந்துவிட்டால், பிறகு எந்தக் குழம்பிலும் அதை அடையாளம் காண முடியும்.

மலை ஏறிய புத்தர்

முன்பு கொரியாவை ஆண்ட ஜோசோன் அரச மரபு கன்பூசியத்தைத் தழுவிப் பௌத்தத்தை ஒடுக்கியதால் நகரக் கோயில்கள் தேய்ந்தன, மலைக்கோயில்கள் நின்றன. அப்படி நின்றவற்றுள் 7 மடாலயங்கள் 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. 2023 மே முதல் ஜோக்யே எனும் பௌத்தப் பிரிவின் பெரும்பாலான கோயில்களில் நுழைவுக் கட்டணமும் எடுக்கப்பட்டுவிட்டது. பிரதான மண்டபத்துக்கு நடுவாசல் வழியே நுழையக் கூடாது. பக்கவாட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஏழில் ஒன்றான தோங்தோசாவின் பிரதான மண்டபத்தில் புத்தர் சிலையைத் தேடுகிறவர்களுக்கு அது கிடைக்காது. பின்புறத்தில் புத்தரின் திருவெச்சம் இருப்பதாக நம்பப்படும் கல் மேடையை நோக்கியே அங்கே வணங்குகிறார்கள்.

ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால் நான் ஹேயின்சாவைச் சொல்வேன். மங்கோலியப் படையெடுப்பால் நாடு நொறுங்கிக்கொண்டிருந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில், பௌத்த நூல் தொகுதி முழுவதையும் மரப்பலகைகளில் செதுக்கினார்கள். மொத்தம் 81,258 பலகைகள். அவற்றை அந்தக் கோயிலில் இன்றுவரை காப்பது எந்த இயந்திரமும் இல்லை. அவை நிற்கும் கட்டடத்தின் முன்சுவரிலும் பின்சுவரிலும் மேலும் கீழும் வெவ்வேறு அளவில் அமைந்த சன்னல்கள் காற்றைச் சுழற்றிவிடுகின்றன. கரியும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தரை ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. 1951-இல், கொரியப் போரின்போது, மலையில் பதுங்கியிருந்த கெரில்லாக்களை ஒழிக்க அந்த இடத்தில் குண்டு போட உத்தரவு வந்தது. விமானி கிம் யங்-ஹ்வான் போட மறுத்தார். சன்னல் கட்டைகளின் இடுக்கு வழியே அடுக்கடுக்காக நிற்கும் அந்தப் பலகைகளைப் பார்க்கும் யாருக்கும் அந்த மனிதர்மேல் நன்றி பெருகும்.

கோயிலில் ஒரு இரவு தங்காமல் திரும்புவது பெரிய இழப்பு. 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த கூட்டத்துக்கு அறைகள் போதாதபோது கோயில்கள் கதவைத் திறந்தன. டெம்பிள் ஸ்டே அப்படித்தான் பிறந்தது. ஓய்வு வகை, அனுபவ வகை என இரண்டு உண்டு. முதல்முறை போகிறவர்கள் அனுபவ வகையை எடுக்க வேண்டும். விடியலுக்கு முன் முரசு, மணி, மரமீன், மேகத்தகடு ஆகிய நான்கும் ஒலிக்கும். 108 முறை விழுந்து வணங்குவது, ஒரு வணக்கத்துக்கு ஒரு மணியாகக் கோத்து மாலை கட்டுவது என்று நேரம் போகும். இரவு சீக்கிரம் படுத்துவிடுவது உடம்புக்கு நல்லது.

பல்வு கோங்யாங் என்னும் துறவியர் உணவு முறையைக் கடைப்பிடிக்கும் கோயில் கிடைத்தால் விடக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள். தின்ன முடிந்த அளவே எடுக்க வேண்டும். கடைசியில் ஒரு துண்டு ஊறிய முள்ளங்கியால் கிண்ணத்தைத் துடைத்து, கழுவிய நீரையும் குடித்துவிடுவார்கள். இந்தச் சமையலில் பூண்டு, வெங்காயத்தாள் வகைகள் உட்பட ஐந்து பொருள்களுக்கு இடமில்லை. ஐந்தாவது நம் பெருங்காயம். கொரியாவில் விளையாத பெருங்காயத்தையும் பழைய நூல் சொன்னபடி விலக்கிவைத்திருக்கிறார்கள். பேக்யாங்சா கோயிலின் சுன்ஜினாம் ஆசிரமத்துத் துறவி ஜோங் குவான், 2017-இல் நெட்ஃபிளிக்ஸின் ‘செஃப்ஸ் டேபிள்’ தொடரில் தோன்றியவர். இந்த எளிய சமையலை உலகின் பெரிய சமையல்காரர்களும் தேடி வருகிறார்கள்.

விளக்கும் பிறைக் கொழுக்கட்டையும்

புத்தர் பிறந்தநாளுக்குச் சற்று முந்தைய வார இறுதியில் சோலில் விளக்கு ஊர்வலம் நடக்கும். யோன்துங்ஹே எனும் இவ்விழா 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தோங்தேமுன் பக்கத்திலிருந்து ஜோங்னோ சாலை வழியே ஜோக்யேசா கோயில்வரை கையில் தாள் விளக்கோடு மக்கள் நடப்பார்கள். ஊர்வலத்தை வழியில் பார்த்துவிட்டு, பிறகு ஜோக்யேசா முற்றத்துக்குப் போவது சிறந்த வரிசை. பிறந்தநாள் அன்று பல கோயில்களில் வந்தவர்க்கெல்லாம் இலவசமாகக் காய்கறிச் சோறு உண்டு.

சுசோக் வேறு மாதிரி. அது வீட்டு விழா. ரயில் டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், சிறிய உணவகங்கள் மூடிவிடும். அந்த நாள்களில் ஊர் ஊராக அலையாமல் சோலிலேயே தங்கிவிடலாம். அரண்மனைகளை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். சந்தைகளில் எள்ளோ பயறோ உள்ளே வைத்து, பைன் ஊசியிலை மேல் அவித்த அரைநிலா வடிவச் சொங்பியோன் கொழுக்கட்டைகள் குவிந்திருக்கும்.

திரையில் தொடங்கும் பயணம்

புறப்படுமுன் பார்க்க வேண்டிய படங்களில் பழகிய ஒன்று ‘பாரசைட்’. 2019-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை, அடுத்த ஆண்டு சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கர். அதில் மலிவான இரண்டு உடனடி நூடுல்ஸைக் கலந்து, மேலே விலையுயர்ந்த மாட்டிறைச்சி போட்டுச் செய்யச் சொல்வாள் பணக்காரி. பன்ச்சான் கிண்ணங்களின் சமத்துவத்தைக் கடையில் கண்டவருக்கு அந்தக் கிண்ணத்தின் கொடுமை இன்னும் உறைக்கும். ஜனநாயகம் கேட்டு நடந்த 1980 குவாங்ஜு எழுச்சியைச் சொல்லும் ‘எ டாக்ஸி டிரைவர்’ (2017) படத்தில் பசித்தவனுக்கு நீட்டப்படும் சோற்று உருண்டை, அந்த நகரத்துச் சந்தைப் பெண்கள் நிஜத்தில் போராட்டக்காரர்களுக்குப் பிடித்துக் கொடுத்தது. யிம் சூன்-ரியேயின் ‘லிட்டில் ஃபாரஸ்ட்’ (2018) ஒரு இளம்பெண்ணின் சமையல் வழியே நான்கு பருவங்களையும் காட்டுகிறது; எந்த மாதம் போகலாம் என்று குழம்புகிறவர்கள் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கென்று ஒன்று உண்டு. காஞ்சியிலிருந்து சென்றதாக மரபு சொல்லும் போதிதருமரிடமிருந்தே கொரியத் தியான மரபு தன் வழியைக் கணக்கிடுகிறது. அவர் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி, அவர் ஏன் கிழக்கே போனார் என்று கேட்கிறது பே யோங்-கியூன் எடுத்த படம். 1989-இல் லொக்கார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை வென்றது. முதியவர், இளைஞர், சிறுவன் என மூன்றே துறவிகளும் ஒரு மலையும்தான் அதில். பொறுமை கேட்கும் படம். டெம்பிள் ஸ்டேக்கு முந்தைய வாரம் பார்த்தால் அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைக்கும். கிம் கி-துக்கின் ‘ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங்’ (2003) படத்து மிதக்கும் கோயிலைத் தேடி ஜுசான்ஜி ஏரிக்குப் போகிறவர்கள் ஒன்றை அறிந்து போக வேண்டும்: அது படத்துக்காகப் போட்ட செட். இப்போது அங்கே இருப்பவை நீரில் நிற்கும் பழைய மரங்களும் காலை மூடுபனியும். அவையே போதுமானவை.

பழைய படங்களுக்குக் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் யூடியூப் அலைவரிசை பெரிய புதையல். கிம் கி-யங்கின் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (1960) தொடங்கி ஏராளமான படங்கள் துணையெழுத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. திரைப்பட விழாவையே நேரில் காண விரும்புகிறவர்களுக்கு 1996-இல் தொடங்கிய பூசான் விழா இலையுதிர் பருவத்தில் வரும். 2000-இல் தொடங்கிய ஜோன்ஜு விழா ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து மே முதல் வாரத்தைத் தாண்டும். ஜோன்ஜுதான் பிபிம்பாப்புக்குப் பெயர்போன ஊர். புத்தர் பிறந்தநாள் மே தொடக்கத்தில் விழும் ஆண்டுகளில், படம், சாப்பாடு, விளக்கு மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

சென்னைக்காரர்கள் வீட்டருகிலேயே பயிற்சி எடுக்கலாம். 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு கொரியக் குடும்பங்கள் வந்தன, அவர்களுக்காக உணவகங்களும் வந்தன. அங்கே போய்ப் பன்ச்சானைக் கேட்டு வாங்கிப் பழகலாம். 2006 முதல் சென்னையில் இயங்கும் இன்கோ மையத்தில் கொரிய மொழி கற்கலாம். மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் இன்று அடிப்படை மெய் 14, உயிர் 10. கொஞ்சம் மெனக்கெட்டால் சில நாள்களில் பிடிபடும். கைப்பேசியில் நேவர் மேப்பை ஏற்றிக்கொண்டு, தேகு நகரின் மேற்குப் பேருந்து நிலையத்தில் நின்று, ஹேயின்சா போகும் வண்டியின் பெயர்ப்பலகையைத் தானே படித்து ஏறுகிற அளவுக்கு அது போதும்.