மேலாண்மைக்குப் போக நினைக்கும் பொறியாளருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் மூன்று வருடம் கோடிங் செய்தாகிவிட்டது, இனி தொழில்நுட்ப மேலாண்மையில் முதுகலை படிக்கலாமா, படித்தால் இந்தக் கோடிங்கிலிருந்து தப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்கு, படி என்பதுதான் என் பதில். இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறியியலை விட்டு வெளியே போகும் வாசல் என்று நினைத்து இந்தப் படிப்பில் சேருகிறவருக்கு அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்காது. தான் கற்ற பொறியியலை முடிவெடுக்கும் மேசை வரைக்கும் சுமந்துகொண்டு போக நினைப்பவருக்குத்தான் அது உதவும். எதற்குப் போகிறோம் என்பது தெளிவாகாவிட்டால், இரண்டு வருடமும் கட்டணமும் கையைவிட்டுப் போனபின் ஒரு சான்றிதழ்தான் மிஞ்சும்.

இதற்கான சான்று உன் அலுவலகத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. கடற்கரைப் பக்கம் சில கிலோமீட்டர் போனால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பிய மீனவ ஊர். பிறகு அங்கே எழுந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவானதுதான் எஸ்.எல்.வி-3. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அதன் முதல் பயணம் வங்கக் கடலில் முடிந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சிக்கிக்கொண்டதே காரணம். அந்தத் தோல்விக்கு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் தானே பொறுப்பேற்றது உனக்குத் தெரிந்த கதை. பள்ளி விழாக்களில்கூட அதைச் சொல்லிவிட்டார்கள். நான் உன்னைக் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய சில நிமிடங்களை. ஏவுவதற்குச் சற்றுமுன் கணினி நிறுத்தச் சொன்னது, நிபுணர்கள் பார்த்துவிட்டுப் போதுமான எரிபொருள் இருப்பு இருக்கிறது, ஏவலாம் என்றார்கள், தான் கணினியை மீறி ஏவ முடிவெடுத்தேன் என்று திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த நிமிடங்களில் அவர் கையில் இருந்த கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று யோசி. வால்வு எப்படி இயங்குகிறது என்பது பொறியியல். ஏவுதலைத் தள்ளிவைத்தால் என்ன செலவாகும் என்பது நிர்வாகம். நிபுணர்களின் நம்பிக்கையை எந்த அளவுக்கு நம்புவது, இயந்திரத்தின் எச்சரிக்கைக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதோ இரண்டிலும் முழுதாக அடங்காது. தொழில்நுட்ப மேலாண்மை என்று ஒரு தனிப் படிப்பு இருக்க நியாயம் உண்டென்றால், அது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதே இடைவெளியில் விழுந்த இன்னொரு ராக்கெட்டும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் அதன் பூஸ்டர் ராக்கெட்டின் ரப்பர் வளையம் இறுகி, வாயுவைத் தடுக்காமல் போகலாம் என்று அந்த பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தின இரவே எச்சரித்திருந்தார்கள். முதலில் அவர்கள் பக்கம் நின்ற மேலதிகாரியும் பொறியாளர்தான். மேலாளராக யோசித்துப் பார் என்று அவரிடம் சொன்னபிறகு அவர் முடிவு மாறியது. ஆகவே, மேலே உட்காருகிறவருக்குத் தொழில்நுட்பம் தெரிந்திருந்தால் போதும் என்ற வாதம் நிற்காது. தெரிந்ததை அந்த நாற்காலியிலும் கைவிடாமல் இருக்க வேண்டும். கீழே இருந்தவர்களுக்கும் ஒரு குறை இருந்தது: குளிருக்கும் வளையத்தின் சேதத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்ததும் புரியும்படி ஒரே படத்தில் அவர்கள் காட்டவில்லை. சந்தேகத்தைச் சந்தேகமாகவே, ஆனால் மற்றவர் கேட்டே ஆக வேண்டிய விதத்தில், சொல்லத் தெரிவது ஒரு கல்வி. அடுத்த வருடமே, 1987இல், அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு தொழில்நுட்ப மேலாண்மையைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. அதன் உடனடிக் கவலை அமெரிக்கா சந்தித்த தொழிற்போட்டிதான் என்றாலும், அறிவியலையும் பொறியியலையும் ஒருபுறமும் நிர்வாகத்தை மறுபுறமும் பிரித்தே கற்பித்ததன் விளைவு என்று அது சுட்டியது இந்தப் பள்ளத்தைத்தான்.

கலாம் இந்தப் பட்டம் வாங்கியா ராக்கெட் விட்டார் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தது விமானப் பொறியியல். மேலாண்மையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தோல்வியும், அதைத் தாங்கிக்கொண்ட ஒரு நிறுவனமும். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. ஒரு ராக்கெட்டைக் கடலில் போட்டவரிடமே அடுத்ததையும் ஒப்படைக்கும் மேலிடம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒரு ரிலீஸ் தவறினால் கிளையண்டே போய்விடுவார் என்ற பயத்தில் ஓடும் இடங்களில், தவறிக் கற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிறருடைய தவறுகளை ஆற அமர உட்கார்ந்து பிரித்துப் பார்க்க இரண்டு வருடம் தருவதுதான் இந்தப் படிப்பின் உண்மையான கொடை. எம்.பி.ஏ. போதாதா என்றால், நிதியும் சந்தையும் அங்கே நன்றாகவே கற்பிக்கிறார்கள். ஆனால் ஒரு தொழில்நுட்பம் எப்போது முதிரும், எப்போது காலாவதியாகும் என்ற கேள்வி அங்கே ஓரத்தில்தான் இருக்கும். கழக்கூட்டத்தை ஒட்டிய காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகம் தொழில்நுட்ப மேலாண்மையில் எம்.டெக். படிப்பை வைத்திருப்பது எதிர்காலவியல் துறையில். அதை அந்தத் துறையில் கொண்டுபோய் வைத்தது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. மங்களபுரத்தில் இருக்கும் டிஜிட்டல் பல்கலைக்கழகத்தையும் விசாரி. 2000இல் டெக்னோபார்க்குக்குள் தொடங்கிய கல்வி நிறுவனம்தான் 2020இல் பல்கலைக்கழகமானது, அதன் பழைய பெயரிலேயே தகவல் தொழில்நுட்பமும் மேலாண்மையும் சேர்ந்திருந்தன.

ராக்கெட்டெல்லாம் உன் வேலைக்கு எட்டாத உதாரணம் என்று தோன்றினால், டெக்னோபார்க்கிலிருந்து வந்த பாண்டிகூட் என்ற சாக்கடை ரோபோவைப் பார். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்தால் குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய முடியாது. குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் அதற்காக இந்த ரோபோவைச் செய்தது. 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. கைகால்களோடு குழிக்குள் இறங்கும் பகுதியும், மேலே நின்று திரையைப் பார்த்து இயக்கும் பகுதியும் கொண்ட இயந்திரம் அது. அதைச் செய்வது கடினம்தான். ஆனால் அதன் பின்னால் வரிசையாக நிற்கும் கேள்விகளைப் பார். நேற்றுவரை குழிக்குள் இறங்கியவருக்கு ரோபோ வந்தபின் வேலை உண்டா? அவரையே அதை இயக்குபவராகப் பயிற்றுவிப்பது என்ற வழியை அந்த நிறுவனம் எடுத்தது. என் கணிப்பில் முழுத் திட்டத்திலும் மிகச் சிறந்த வடிவமைப்பு அதுதான். நகராட்சி டெண்டரில் இதை எந்தப் பிரிவில் வாங்குவது? உதிரிபாகம் தேய்ந்தால் எத்தனை நாளில் வரும்? வராத நாட்களில், குழி நிரம்பி வழியும்போது, மேற்பார்வையாளர் யாரை அனுப்புவார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஊரில், ரோபோ கொட்டகையில் நிற்கும், மனிதர் மறுபடி இறங்குவார். கணிப்பொறித் திறமையால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. ரோபோவின் உள்ளே என்ன தேயும் என்று தெரியாத நிர்வாகிக்கும் கிடைக்காது.

அதனால்தான் இன்னும் ஒரு வருடமாவது வேலையில் இரு என்கிறேன். ஒரு பொருளை அது பிறந்ததிலிருந்து வாடிக்கையாளர் கையில் பழுதாகும்வரை ஒருமுறையாவது கூடவே இருந்து பார்த்துவிட்டுப் போ. வகுப்பில் தொழில்நுட்பக் கணிப்பு, ஆபத்து மதிப்பீடு என்றெல்லாம் வரும்போது அவற்றை மாட்ட உன்னிடம் ஓர் ஆணி இருக்கும். சம்பளம் தடைப்படும் என்ற உன் கவலை வெறும் பேச்சல்ல. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் நீ. வேலையோடு சேர்த்துப் படிக்க வழி உண்டா என்று முதலில் விசாரி, அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. சேர்ந்தபின் ஆய்வுத் தலைப்பு கேட்பார்கள். அப்போது செயற்கை நுண்ணறிவும் தொழில்துறையும் என்று அகலமாக எழுதிக் கொடுத்துவிடாதே. கும்பகோணம் போல உனக்குத் தெரிந்த ஏதாவதொரு மாநகராட்சியைத் தேர்ந்தெடு. அங்கே வாங்கிய ஓர் இயந்திரம் ஒரு வருடத்தில் எத்தனை நாள் ஓடியது, நின்ற நாட்களில் ஏன் நின்றது, அன்று அந்த வேலையைச் செய்தது யார் என்று லாக்புக்கைப் பார்த்தும் ஓட்டுகிறவரைக் கேட்டும் எழுது. ஓட்டுகிறவரிடம் முதலில் போ, பொறியாளரிடம் பிறகு.

அன்புடன்,
உன் அண்ணன்