கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா?

2023-ஆம் ஆண்டு கோடையில் நம் சங்கத்துக் கம்ப்யூட்டர் படுத்திய பாடு உறுப்பினர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அதன் நோய் என்ன, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து 1984-இல் ரயில்வேயில் சேர்ந்து, 38 ஆண்டுகள் சிக்னல் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். ஆனால் 'வந்து வந்து போகும் பழுது' எனக்கு நீண்ட காலப் பகையாளி.

உறுப்பினர்களின் வீடுகளில் இருந்த பழைய சங்க விழாப் படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து சேமித்துக்கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் ஞாயிறுதோறும் வந்து அதைச் செய்தார். மார்ச் மாதம் தொடங்கியது தொல்லை. திடீரென்று திரை நீலமாகும். ஏதோ ஒரு ஆங்கில வாசகம் வரும். தானே அணைந்து மறுபடி கிளம்பும். வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் வாசகம் வேறு.

கடைக்காரர் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். பணமும் வாங்கிக்கொண்டார். பத்து நாளில் பழைய கதை. மறுபடி ஏற்றினார், மறுபடி பணம். மே மாதம், "நாக்பூர் வெயில் சார், ஏ.சி. போடுங்கள்" என்றார். கமிட்டியில் வேறு பேச்சு: "தம்பி கேம்ஸ் ஏற்றி விளையாடியிருப்பான், வைரஸ் வந்திருக்கும்." நானும் அப்படித்தான் சொன்னேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் இதே தப்பை ரயில்வேயில் மற்றவர்கள் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

1988-இல் ஒரு சிறிய ஸ்டேஷனில் தினமும் பிற்பகல் இரண்டு மணி வாக்கில், வண்டியே இல்லாத தண்டவாளத்தில் வண்டி நிற்பதாகப் பேனல் காட்டும். சிக்னல் பச்சைக்கு வராது. எங்கள் ஆள் மாலை பாசஞ்சரில் போய் இறங்குவார். எல்லாம் ஒழுங்காக இருக்கும். ரிஜிஸ்டரில் 'சோதித்ததில் சரியாக உள்ளது' என்று எழுதிவிட்டுத் திரும்புவார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் பொய் சொல்கிறார் என்றே பேச்சு வந்துவிட்டது. ஒருநாள் நான் மீட்டரோடு காலையிலேயே போய் உட்கார்ந்தேன். இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் கடக்காதிருக்க ஓர் இன்சுலேஷன் துண்டு வைத்திருப்பார்கள். அது நசுங்கிப் போயிருந்தது. உச்சி வெயிலில் தண்டவாளம் நீண்டு இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும். மாலையில் குளிர்ந்ததும் விலகிக்கொள்ளும். பழுது இருக்கும் நேரத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். நாம் திறக்கும் படம், எழுதும் கடிதம் எல்லாம் வேலை நடக்கும்போது ரேம் என்ற மெமரியில்தான் இருக்கும். அதில் கோடிக்கணக்கான அறைகள். ஒவ்வொன்றும் ஓர் ஓட்டைக் குடம் மாதிரி. 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்த ஏற்பாடு இது. நிரம்பிய குடம் 1, காலிக் குடம் 0. குடம் ஒழுகிக்கொண்டே இருப்பதால், சாதாரணமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை எல்லாக் குடங்களையும் பார்த்து, குறைந்ததை மறுபடி நிரப்ப வேண்டும். ஒரே ஒரு குடத்தில் ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டால், நிரப்புகிறவர் வருவதற்குள் அது காலி. 1 என்று வைத்தது 0 ஆகிவிடும். சூடு ஏறினால் ஒழுக்கும் கூடும். ஆகவே கடைக்காரர் வெயிலைச் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. ஆனால் ஜூலையில் மழை கொட்டும்போதும் கம்ப்யூட்டர் நின்றதே!

வாசகம் ஏன் தினம் மாறியது? ரயிலில் ஒரு கோச்சில் 43-ஆம் பெர்த்துக்கு மேல் கூரை ஒழுகுகிறது என்று வையுங்கள். இன்று அதில் படுத்த வியாபாரியின் கணக்குப் புத்தகம் நனையும். நாளை கல்யாண வீட்டாரின் பட்டுப்புடவை நனையும். புகார்கள் வேறு வேறு, ஓட்டை ஒன்றே. அந்தப் பழுதான அறையில் இன்று விண்டோஸின் ஒரு பகுதி உட்கார்ந்தால் நீலத்திரை. நாளை ஒரு படம் உட்கார்ந்தால் படத்தில் கீறல். யாருமே உட்காராவிட்டால் ஒன்றும் நடக்காது. சாஃப்ட்வேர் கோளாறு பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்யும்போது ஒரே மாதிரி வரும். இடமும் வாசகமும் மாறிக்கொண்டே இருந்தால் மெமரியைச் சந்தேகியுங்கள். எங்களுக்கு உறுதியாகத் தோன்றியது, மூன்றாம் முறை விண்டோஸ் ஏற்றும்போது அந்த வேலையே பாதியில் நின்றதைப் பார்த்துத்தான். காலியான டிஸ்க்கில் கேம்ஸ் ஏது, வைரஸ் ஏது?

சோதிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது, தேடினால் கிடைக்கும். முதலில் அதை ஓட்டினோம். பழுதில்லை என்றது! மாலை பாசஞ்சரில் போன எங்கள் ஆள் ஞாபகம்தான் வந்தது. பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசப் புரோகிராமை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகாமல் நேராக அதிலிருந்தே கிளப்பினோம். (சில கம்ப்யூட்டர்களில் இதற்கு பயாஸில் செக்யூர் பூட் என்பதை நிறுத்த வேண்டும். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் சாவி எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) அது ஒவ்வொரு அறையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். சனிக்கிழமை மாலை ஓடவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன். முதல் இரண்டு சுற்றில் ஒன்றுமில்லை. காலையில் போய்ப் பார்த்தால் மூன்றாம் சுற்றிலிருந்து சிவப்பு வரிகள். எல்லாம் ஒரே இடம், ஒரே ஒரு பிட். ஒரு தவறு வந்தாலும் தவறுதான். 'ஒன்றுதானே' என்று விட்டுவிடக் கூடாது.

எங்கள் கம்ப்யூட்டரில் 4 ஜி.பி. ரேம் அட்டைகள் இரண்டு. எது திருடன்? இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கரண்ட் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள ஸ்டாட்டிக் மின்சாரத்தை இறக்கிவிட்டு, அட்டையைக் கழற்ற வேண்டும். முதல் அட்டையை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஓர் இரவு. அதையே இரண்டாம் ஸ்லாட்டில் ஓர் இரவு. அடுத்த அட்டைக்கும் அப்படியே. பிழை அட்டையோடு கூடவே போனால் அட்டை கெட்டது. ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டைப் பார்க்க வேண்டும். எதைப் போட்டாலும் எங்கே போட்டாலும் பிழை வந்தால் பவர் சப்ளையையும், பயாஸில் யாராவது மெமரியின் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் சிலவற்றில் மெமரி போர்டோடு பற்றவைத்திருக்கும். அங்கே இந்த வேலை நடக்காது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

பென்சில் ரப்பரால் அட்டையின் தங்க விளிம்பைத் தேய்த்தால் சரியாகும் என்பார்கள். தூசியும் கறையும் மட்டும் காரணமென்றால் சரியாகும். மென்மையாகத் துடையுங்கள், தங்கப் பூச்சு மிக மெல்லியது. நானும் துடைத்தேன், பயனில்லை. நான்கு இரவு முடிந்தபோது இரண்டாம் அட்டை எந்த ஸ்லாட்டிலும் பிழை காட்டியது. பில் பத்திரமாக இருந்ததால் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

ரயில்வே சிக்னலில் பழுது வந்தால் சிவப்பு விழும்படி அமைத்திருக்கிறார்கள். வண்டி தாமதமாகும், ஆனால் ஆபத்தில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் மெமரி அப்படியல்ல. நீலத்திரை வந்தால் நல்லது என்றே சொல்வேன். வராமல் பொய்யை உண்மையென்று எழுதி வைப்பதுதான் கேடு. 2003-இல் பெல்ஜியம் நாட்டில் ஸ்கார்பெக் என்ற ஊரில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுகள் அதிகமாக விழுந்தன. ஒரே ஒரு பிட் மாறினால் வரும் எண் அது. இப்படிப்பட்ட தவறைத் தானே கண்டு திருத்தும் முறையை ரிச்சர்ட் ஹாமிங் 1950-லேயே வெளியிட்டார். பெரிய சர்வர்களில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து அப்படித்தான் காக்கிறார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்தக் காவல் கிடையாது.

ஆகவே மெமரி மேல் சந்தேகம் வந்ததும், "முதலில் பேக்கப் எடுத்துவிடலாம்" என்று அதே கம்ப்யூட்டரில் காப்பி செய்யாதீர்கள். காப்பி ஆகும் ஒவ்வொன்றும் அந்த 43-ஆம் பெர்த் வழியாகப் போகக்கூடும். டிஸ்க்கைக் கழற்றி நல்ல கம்ப்யூட்டரில் இணைத்து எடுங்கள். இது எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மார்ச்சுக்குப் பிறகு சேமித்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். 11 படங்களில் கீழ்ப்பாதி சாம்பலாகவோ வண்ணக் கோடாகவோ இருந்தது. பத்துக்கு அசல் படம் வீடுகளில் இருந்தது, மறுபடி ஸ்கேன் செய்தோம். ஒன்றுக்கு இல்லை. "ஸ்கேன் ஆகிவிட்டதே" என்று வீடு மாறும்போது கழித்துவிட்டார்கள். 1979 பொங்கல் விழாப் படம் அது. மேலே பந்தலும் தோரணமும் தெரிகின்றன. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. அதன் வேறு பிரதி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஸ்கேனுக்குக் கொடுத்த படங்களையும் யாரும் எறிந்துவிட வேண்டாம்.

கமிட்டிக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பிள்ளையிடம், "தம்பி, உன்னைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். "நான் அன்றைக்கே கேம்ஸ் இல்லை என்று சொன்னேனே அங்கிள்" என்று மட்டும் சொன்னார். இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தார்.

மெம்டெஸ்ட் ஏற்றிய பென் டிரைவ் சிவப்பு நூல் கட்டி சங்க அலமாரியில் இருக்கிறது. தேவைப்படுவோர் தமிழ் வகுப்பு முடிந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லலாம். அடுத்த ஞாயிறு திருப்பித் தந்துவிடவும்.