அய்யா போடாத கையெழுத்து

இந்த மாதப் பாடத்துக்கு, அய்யா சிறையிலிருந்து வெளியே வந்த இடத்தை எடுத்துக்கொள்வோம். திருஏடு வாசிப்பில் இந்தப் பகுதி வரும் நாளில் நம் கவனமெல்லாம் புலிக்கூண்டின் மேல்தான் இருக்கும். பசியோடு கிடந்த புலி அய்யாவைக் கண்டதும் அடங்கிப் படுத்ததை வாசிக்கும்போது தாய்மார்கள் குரவையிடுவார்கள். அதை ஒட்டி வரும் ஒரு சிறு செய்தி அந்தக் குரவைச் சத்தத்தில் நம் காதில் விழாமலே போய்விடும்.

செய்தி இதுதான். சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யாவை என்ன செய்து பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. விட்டுவிடலாம் என்று அரசு முடிவு செய்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. இனிமேல் தன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்ள வேண்டும், மற்றச் சாதியாரைச் சேர்க்கக் கூடாது, அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அய்யா அதற்கு இசையவில்லை. கையெழுத்துப் போடாமலே வெளியே வந்தார்.

மன்னனுக்கு ஏன் இந்த ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது? பூசை செய்யாதே என்று கேட்கவில்லை, தவம் இருக்காதே என்றும் கேட்கவில்லை. ‘உன் சாதியோடு நிறுத்திக்கொள்’ என்று மட்டும் கேட்டான். இதைப் புரிந்துகொள்ள அன்றைய திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மறைத்துச் சீலை போடக் கூடாது. தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் மேல்சாதியார் முன் நிற்க முடியும். இவையெல்லாம் நம் பாட்டன் பூட்டன் சொல்லி நாம் அறிந்தவை. இவற்றைச் சொல்லும்போது இன்றும் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் தூரக் கணக்கு ஒன்று உண்டு, அதை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். நம்பூதிரி வந்தால் நாடார் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும், நாயர் வந்தால் 12 காலடி. அது நம் பாதி. மறுபாதி, நம்பூதிரியிடமிருந்து புலையர் நிற்க வேண்டிய தூரம். அது 96 காலடி. 36-இல் நிற்கிறவன் நிமிர்ந்து பார்த்தால் அவமானம், திரும்பிப் பார்த்தால் தனக்குப் பின்னால் இன்னும் 60 காலடி தள்ளி ஒருவன் நிற்கிறான். அதில் அவனுக்கு ஒரு சிறு ஆறுதல். அந்த அநியாயம் அத்தனை காலம் நின்றது மன்னனின் வாளால் மட்டும் அல்ல, இந்த ஆறுதலாலும்தான் என்பது அடியேனுடைய எண்ணம்.

அய்யா கைவைத்தது சரியாக அந்த இடத்தில். சுவாமித்தோப்பில் முந்திரிக்கிணற்றைத் தோண்டி, பதினெட்டுச் சாதியும் ஒரே தண்ணீரில் குளிக்கவும் குடிக்கவும் செய்தார். ஒரே வரிசையில் உட்கார்த்திச் சாப்பிடச் செய்தார். கக்கத்தில் கிடந்த துண்டைத் தலையில் கட்டச் சொன்னார், அதையும் ஒரு சாதிக்கென்று சொல்லவில்லை. யாரையும் அடிக்கக் கை ஓங்கச் சொல்லவில்லை. அதே வேளையில் வரி வாங்கிக் கசக்கிய மன்னனை நீசன் என்று சொல்ல அவர் வாய் கூசவும் இல்லை. பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அகிலத்தை முழுதாக வாசித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் அந்த இடத்தில் உண்டு. மன்னனிடம் அய்யாவைப் பற்றிப் புகார் போனபோது, அவரைத் துன்புறுத்தக் கூடாது என்று எடுத்துச் சொன்ன பூவண்டர், ஆயர் குலத்தவர். தனக்கு எந்த அடியும் விழாதபோது அவர் பேசினார்.

அரசாங்கத்து நீதி மெதுவாகத்தான் வந்தது. தோள்சீலைக்காக நம் பெண்கள் தெருவில் அடிபட்டார்கள், வீடுகள் எரிந்தன. 1829-இல் வந்த அரசாணை அவர்களுக்கு எதிராகவே இருந்தது. 1859-இல்தான் அனுமதி வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது! அடிமை முறையை ஒழித்த ஆணை 1855-இல், ஆலயப் பிரவேச ஆணை 1936-இல். அகிலத்திரட்டு எழுதப்பட்டது 1841-இல் என்பதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை உடன் படித்த பையன்களே சாதியைச் சொல்லித் தொந்தரவு செய்தார்கள். அவன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனையும், தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. மாணவர்கள் கையில் சாதிக்கயிறு கட்டக் கூடாது என்பது 2024-இல் அந்தக் குழு தந்த அறிக்கையில் ஒரு பரிந்துரை. பதினேழு வயதில் அரிவாள் எடுத்தவனுக்கு அந்த 60 காலடிக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தது? பள்ளிக்கூடத்தில் அப்படிப் பாடம் இல்லை.

நான் எங்கே கற்றேன் என்று சொல்கிறேன். எங்கள் தாத்தா தலைப்பாகை கட்டாமல் தாங்கலுக்குள் கால் வைக்க மாட்டார். தோள்சீலைக் கதையைக் கண் கலங்கச் சொல்லுவார். அதே வீட்டின் புறவாசல் இறப்பில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். வயல் வேலைக்கு வருகிற ஒருவருக்கு அதில்தான் கஞ்சித்தண்ணீர். எங்களுக்கெல்லாம் வெண்கலக் கும்பா. எனக்கு அது தவறாகவே தோன்றியதில்லை. சிரட்டை அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

அது போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாங்கல் திருநாளில் அன்னதர்மப் பந்தியை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். கழிவறைக் குழி சுத்தம் செய்ய வந்த இரண்டு பேர் வேலையை முடித்து, குளித்து, துண்டு மாற்றி வந்து வாசலில் நின்றார்கள். பந்தியில் இடம் இருந்தது. “கொஞ்சம் பொறுங்க, அடுத்த பந்தியில இருக்கலாம்” என்றேன். அடுத்த பந்திக்கும் அதையே சொன்னேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து கேட்டார்: “எடே மக்கா, இது ஒனக்க வீட்டுச் சோறா, அய்யாக்க சோறா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர்களை அழைத்து உட்கார வைத்துப் பரிமாறினேன். அவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் தலை நிமிர்ந்து சாப்பிடவில்லை. இரண்டு பந்தி நேரம் நின்ற நிற்பு அவர்கள் முகத்தில் இருந்தது. அய்யா மறுத்த அந்தக் கையெழுத்தை நான் வாசலில் நின்றபடியே போட்டுக்கொடுத்திருந்தேன். யாரும் என்னைச் சிறையில் வைத்துக் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் தாங்கலில் ஒரு வழக்கம் வைத்தோம். தாங்கல் வேலைக்கு வந்தவர்கள், எந்த வேலையானாலும், முதல் பந்தியில் உட்கார வேண்டும். பணிவிடை செய்கிற நாங்கள் கடைசியில்தான். முதல் வருடம் இரண்டு வீட்டார் முகம் சுளித்துப் பந்திக்கு வரவில்லை. நாங்கள் போய் அழைக்கவும் இல்லை. ஒரு வீட்டார் மறு வருடம் வந்தார்கள்.

போன திருநாளில் கையில் கலர்க் கயிறு கட்டிய இரண்டு பையன்கள் தொண்டு செய்ய வந்தார்கள். அறுத்துப் போடு என்று சிலர் சத்தம் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி, இருவரையும் முதல் பந்தியில் இலை போட்டுப் பரிமாற விட்டோம். உகப்படிப்பு முடிந்து பார்த்தபோது ஒருவன் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். மற்றவன் இன்னும் கட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறான், பரிமாறுகிறான்.

அய்யா உண்டு.